சாவியக்காவின் கையெழுத்தும் வாரியத்தின் தோழமையும்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் சாவியக்காவுக்கு இன்றைக்கும் உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு. விசாரணைக் குழு முன்னால் இதையே அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் கொஞ்சம் கொஞ்சம் மாறிப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் நான்காவதாக ஒன்றை எழுதிக்கொண்டார். கடைசியில் கோப்பில் ஏறியது அதுதான். ஆகையால் யாராவது வந்து என்னக்கா நடந்தது என்று கேட்டால், கோப்பில் இருக்கிறது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். கோப்பைப் பார்க்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வினையெல்லாம் எழுதுவதில்தான் ஆரம்பித்தது.

சாவியக்கா குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகத்தில் பதினான்கு வருடமாகத் தற்காலிக உதவியாளர். காலையில் ஒன்பது அறைகளையும் திறப்பது, பெருக்குவது, கோப்புகளை மேசைக்கு மேசை சுமப்பது, மாலையில் ஒன்பதையும் பூட்டுவது என்று ஓடும் அவள் பொழுது. சாவிக்கொத்து எந்நேரமும் இடுப்பில் கிடந்ததால் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனபிறகு ஐந்தாம் அறை ஞாபகம் வந்து, திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பாள்.

வாழ்க்கையில் அவள் பயப்படாமல் செய்த ஒரே காரியம் எழுதுவது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கையெழுத்து நிற்கவில்லை. எழுத்துகள் வலது பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். வால் உள்ள எழுத்தெல்லாம் வாலை ஒரு சுழி சுழித்து முடியும். அவசரமாக நடந்தாலும் முந்தானை நழுவாத பெண்ணைப் போல இருக்கும் மொத்த வரியும்.

தலைமை எழுத்தரின் கையெழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. அதனால் சுவரில் ஒட்டும் அறிவிப்புகளைச் சாவியக்காதான் எழுதுவாள். 'குழாயை மூடவும். மூடாவிட்டால் நான்தான் வந்து மூட வேண்டும்.' 'இங்கே எச்சில் துப்ப வேண்டாம். யார் என்று எனக்குத் தெரியும்.' வாரியம் வெளியிட்ட அறிவிப்புகளிலேயே மக்கள் மதித்து நடந்தவை இவை இரண்டுதான்.

அந்த வருடம் சாவியக்காவின் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. வருட முடிவுக்குள் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்காரர் இருமலோடு ஒரு கிடங்கில் காவல் இருந்தார். அவளுடைய வேலையும் போனால் என்ன ஆகும் என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் வாரியம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வாரியத்தின் கடிதத்தைக் கண்டால் பத்தில் எட்டு பேருக்கு வியர்க்கிறது என்று அதில் தெரியவந்தது. மேலிடம் மிகவும் கவலைப்பட்டது. கடிதங்களில் எழுதியிருப்பதை மாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார்கள். அதற்குச் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கும். ஆகவே எழுதியிருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

எழுத்தை மாற்ற ஓர் ஆலோசகர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலைமுடியை உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தார். கால்சட்டை இரண்டு முழங்காலிலும் கிழிந்து தொங்கியது. மனசு கேட்காமல் சாவியக்கா ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போனாள். அது கடையிலேயே கிழித்து விற்பது, தைத்தால் மதிப்பு போய்விடும் என்று தலைமை எழுத்தர் அவளை ஓரமாக அழைத்துச் சொன்னார்.

ஆலோசகர் மூன்று நாள் அலுவலகத்தைச் சுற்றினார். மூன்றாம் நாள் கை கழுவப் போன இடத்தில், குழாய்க்கு மேலே இருந்த அறிவிப்பின் முன் சிலையாக நின்றுவிட்டார். குழாய் திறந்தபடியே ஓடியது. அவர் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சாவியக்கா வந்து மூடினாள்.

"இதை யாரு எழுதினது?" என்று கேட்டார் ஆலோசகர்.

சாவியக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தப்பு ஏதாவது இருந்தால் மாற்றி எழுதிவிடுவதாகச் சொன்னாள். ஆலோசகர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்த எழுத்தில் உயிர் இருக்கிறது, இதில் அலட்டல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் சாய்ந்து பேசுவது போல இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். பிறகு ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் மும்மூன்று தடவை எழுதித் தரச் சொன்னார். ஒரே வார்த்தையில் ஒரே எழுத்து இரண்டு இடத்தில் அச்சாக ஒன்றுபோல வந்துவிட்டால், எழுதியது கம்ப்யூட்டர் என்று தெரிந்துவிடுமாம். அதற்குத்தான் மூன்று.

சாவியக்கா இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். பதினான்கு வருடத்தில் அலுவலக நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அந்த இரண்டு மத்தியானங்கள்தான். இந்த உதவி மேலிடத்தின் காதுக்குப் போகும், நிரந்தரத்துக்கு வழி பிறக்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு சின்ன கணக்கு ஓடியது.

அவள் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் செய்த எழுத்துருவுக்குத் 'தோழமை' என்று பெயர் சூட்டினார்கள். வெளியீட்டு விழாவில் ஆலோசகர் திரையில் படம் காட்டினார். இப்படிப்பட்ட எழுத்தை உலகம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்று வரிசையாக வந்தது: திருமண அழைப்பிதழ், பழச்சாறு கடைப் பலகை, வாசனைத் தைலப் புட்டி, பனியனின் நெஞ்சுப்பகுதி, குழந்தை பிறந்ததற்கு வாழ்த்து அட்டை. படம் முடிந்ததும் தலைமை அதிகாரி எழுந்து, வாரியத்தில் இது முதற்கட்டமாக இணைப்புத் துண்டிப்பு அறிவிப்புக்கும் இறுதி எச்சரிக்கைக்கும் பயன்படுத்தப்படும் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற சாவியக்காவும் தட்டினாள்.

கடிதங்கள் ஊருக்குள் போயின. ஒரு பெரியவர் மீட்டர் மாற்றும் அறிவிப்பை வெளியூரில் இருக்கும் தன் மகள் எழுதியது என்று நினைத்து, மூன்று பக்கத்துக்கு நலம் விசாரித்துப் பதில் போட்டார். அதற்குப் புகார் எண் கொடுக்கப்பட்டது. இன்னொரு வீட்டில் கணவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. 'நாளை காலை பத்து மணிக்கு வருகிறோம். நீங்கள் அவசியம் வீட்டில் இருக்க வேண்டும்' என்று பெண் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு மனைவி நான்கு நாள் அவனோடு பேசவில்லை. இறுதி எச்சரிக்கையின் மூலையில் ஆலோசகர் ஒரு சின்ன இலையும் வரைந்திருந்தார். அதை எதற்கோ அழைப்பு என்று எண்ணி ஒரு குடும்பமே உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து காத்திருந்தது. வாரியக் கடிதத்தைக் கண்டு வியர்ப்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. வந்தது வாரியக் கடிதம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதை அறிக்கையில் எழுத இடம் இல்லை.

தெரிந்த ஒரே ஆள் சாவியக்காவின் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. அண்ணி கையால் எழுதிய பட்டியலைப் பார்த்துத்தான் அவள் பத்து வருடமாகக் கடைக்குப் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காகிதத்தை நீட்டியபடி வாசலில் வந்து நின்றாள்.

"என் வீட்டுக் குழாயைப் புடுங்கணும்னு இருந்தா நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. தபால்ல எழுதிப் போடுற அளவுக்கா நான் தூரமாயிட்டேன்?"

இது தான் எழுதியதில்லை, கம்ப்யூட்டர் எழுதியது என்று சாவியக்கா எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். நாத்தனார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்காட்டினாள். இந்த வால் யாருடையது, இந்தச் சுழி யாருடையது என்று கேட்டாள். சாவியக்காவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் நாத்தனார் அண்ணனைப் பார்த்து, "உங்க பொண்டாட்டிக்கு உத்தியோகம் ஏறுதுண்ணே, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுக்காரர் இருமினார். அவருக்கு எந்தப் பக்கமும் சேர முடியாதபோது இருமல் வந்துவிடும்.

மறுநாள் நிரந்தரப் பணிக்கான விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்தது. விண்ணப்பதாரர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும், அச்சிட்டவை ஏற்கப்படா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சாவியக்கா குளித்து, புதுப் பேனா வாங்கி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு போய்த் தலைமை எழுத்தர் மேசையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், பிறகு காகிதத்தை அவள் பக்கமே நகர்த்தினார்.

"அச்சடிச்சது செல்லாதும்மா."

"சார், நான் எழுதினதுங்க. மை கூட இன்னும் காயல, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது. புது பிரிண்டரில் மை அதிகமாக வருகிறது என்று ஏற்கெனவே புகார் எழுதியிருப்பதாகச் சொன்னார். சாவியக்கா அவர் கண் முன்னாலேயே நின்றுகொண்டு இன்னொரு விண்ணப்பம் எழுதினாள். தலைமை எழுத்தர் அதை வைத்தகண் வாங்காமல் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் பேசினார். தோழமை எழுத்து இப்போது வாரியத்தின் சொத்து. உரிய பதவியில் இல்லாத எவரும் அதைப் பார்த்து எழுதுவதோ அதைப்போல எழுதுவதோ போலி ஆவணம் தயாரித்த குற்றம். போன மாதமே சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளே சாவியக்காதான்.

"இது என் எழுத்துங்க சார். எட்டு வயசுல இருந்து இப்படித்தான் எழுதறேன்."

"அப்படின்னா நீ நாற்பது வருஷமா குற்றம் பண்ணிட்டிருக்கேன்னு ஆகும். அப்படி எழுதிக்கவா?" என்று கேட்டார் தலைமை எழுத்தர். கெட்ட மனிதர் இல்லை அவர். அவளுக்காகத் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "இங்க பாரும்மா. இது அச்சுன்னா விண்ணப்பம் செல்லாது. கையெழுத்துன்னா உன் மேல நடவடிக்கை. ரெண்டுக்கும் எங்கிட்ட விதி இருக்கு. எது வேணும்னு நீயே சொல்லு."

சாவியக்கா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலைமை அதிகாரியின் அறையைத் துடைக்கும்போது, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டார். இரக்க குணம் உள்ளவர் அவர். இவருடைய கையெழுத்து இவருடையதே என்று சான்றளிக்கப்படுகிறது என உடனே ஒரு சான்றிதழ் கொடுக்கச் சொன்னார். சான்றிதழ் பத்து நிமிடத்தில் தயாராகி வந்தது. எல்லாக் கடிதங்களையும் போலத் தோழமையில்தான் வந்தது. கீழே அதிகாரியின் பெயரும் தோழமையிலேயே இருந்தது. மக்களுக்குக் கையொப்பமும் அச்சமூட்டக் கூடாது என்று அதையும் மாற்றியிருந்தார்கள்.

தலைமை எழுத்தர் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். பிறகு, "சொந்தக் கையெழுத்து சொந்தம்னு சொந்தக் கையால நீயே எழுதிட்டு வந்திருக்கியேம்மா" என்றார். அதிகாரியின் பெயரையும் அவளே போட்டிருப்பதுதான் அவரை ரொம்ப வருத்தியது. வேறு வழியில்லாமல் விசாரணைக்கு எழுதிவிட்டார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஐந்தாம் அறையில் கூடினார்கள். அந்த அறையைத் திறந்து, தூசு தட்டி, நாற்காலி போட்டு, தான் நிற்க ஓர் இடமும் விட்டுவைத்தது சாவியக்கா. குற்றச்சாட்டை வாசித்தார்கள். நான்கு மாதத்தில் வாரியத்தின் பெயரால் பதினோராயிரம் கடிதங்கள் அவள் கையெழுத்தில் வெளியே போயிருக்கின்றன. ஒன்றுக்குக்கூட அவள் அனுமதி பெறவில்லை. வேலை நாட்களால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கடிதம் வருகிறது. ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கடிதம் எழுதியவர் அந்த நேரத்தில் பெருக்கியிருக்க முடியாது. ஆகவே பெருக்காமல் இருந்ததும் தனிக் குற்றம்.

பெருக்கினேன் என்றாள் சாவியக்கா. அப்படியானால் கடிதம் எப்போது எழுதினாய் என்று கேட்டார்கள். எழுதவில்லை என்றாள். அப்படியானால் எழுதியது யார் என்று கேட்டார்கள். இந்த இடத்தில்தான் அவள் மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னது.

ஆலோசகரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர் வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று வாரியத்தின் துண்டிப்பு அறிவிப்பு. மற்றது சாவியக்காவின் விண்ணப்பம். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வாரியத்தின் எழுத்தில் ஒரு தன்னிச்சை இருக்கிறது, கவலையில்லாத ஒரு துள்ளல் இருக்கிறது. இந்த அம்மாள் எழுத்தில் முயற்சி தெரிகிறது, பயம் தெரிகிறது, அசலைப் பார்த்து வருந்தி எழுதியது போல இருக்கிறது என்று சொன்னார். தோழமை உருவானபோது இவர் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பதைத் தாம் மறுக்கவில்லை என்றும் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்.

சாவியக்கா தன் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தாள். ஆலோசகர் சொன்னது வாஸ்தவம்தான். கொஞ்சம் நடுங்கித்தான் இருந்தது.

தீர்ப்புக்கு ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். வருடம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த வாரம் அவள் வீட்டில் வேறு வேலையே பார்க்கவில்லை. விண்ணப்ப விதிகள் அடங்கிய காகிதத்தை மட்டும் எடுத்து எடுத்துப் படித்தாள். முதல் பக்கம் முழுக்க எழுதுகிறவர்களுக்கான விதிகள். யாரும் புரட்டாத இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருந்தது: எழுதத் தெரியாதோர் கைநாட்டு வைக்கலாம். அதற்கு நிபந்தனை இல்லை, அபராதம் இல்லை, சுற்றறிக்கை இல்லை. பதினான்கு வருடத்தில் வாரியம் எழுதியவற்றுள் அவளுக்குப் பயமே வராமல் படித்த வரி அது ஒன்றுதான்.

மறுபடி குழு கூடியபோது சாவியக்கா கேட்காமலேயே முன்னால் வந்து, தனக்கு எழுதத் தெரியாது என்றாள்.

குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பேனாவை நீட்டி, 'அ' எழுதச் சொன்னார்.

சாவியக்கா பேனாவை வாங்கினாள். அதுதான் அவளுக்கு அந்த வருடத்திலேயே கஷ்டமான காரியம். விரல்கள் தாமாகவே பேனாவைச் சரியாகப் பிடித்துவிட்டன. அவற்றைப் பிரித்து, துடைப்பத்தைப் பிடிப்பது போல முஷ்டியால் பிடித்துக்கொண்டாள். கை சுழியைத் தேடிப் போயிற்று. இழுத்து நிறுத்தினாள். தாளில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் முனை லேசாக வால் சுருட்டப் பார்த்தது. சட்டென்று பேனாவை எடுத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுதத் தெரியாத வெட்கத்தில் அழுகிறாள் என்று குழு எழுதிக்கொண்டது.

சுவரில் இருக்கும் அறிவிப்புகள் யார் எழுதியவை என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். அதற்குத் தலைமை எழுத்தரே எழுந்து பதில் சொன்னார்: "அது வாரிய எழுத்துங்க. வெளியாள் எப்படி எழுத முடியும்?" குழுத் தலைவர் அவரைப் பார்த்தே கடிந்துகொண்டார். பேனா பிடிக்கத் தெரியாத ஒரு பெண் பதினோராயிரம் கடிதம் எழுதியதாகக் குற்றம் சாட்ட எப்படி மனசு வந்தது என்று கேட்டார். தலைமை எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வெளியே வந்து, "இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா" என்று சாவியக்காவிடம் உண்மையான அக்கறையோடு சொன்னார்.

சாவியக்கா அன்றே கைநாட்டு வைத்து விண்ணப்பம் கொடுத்தாள். வருடம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நிரந்தர ஆணை வந்தது. மேலிருந்து கீழ் வரை அவள் கையெழுத்திலேயே வந்தது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். நாத்தனாருக்கும் செய்தி போயிற்று. அண்ணிக்கு எழுதவே தெரியாது என்று வாரியமே சொல்லிவிட்டபிறகு கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவளும் வந்து போனாள். பத்து வருடமாகக் கடைப் பட்டியல் எழுதித் தந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. வாரியத்தின் முத்திரைக்கு அவ்வளவு மரியாதை.

கதை இதோடு முடிந்திருந்தால் சாவியக்கா நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் அடுத்த வருடம் தோழமை பழசாகிவிட்டது. எல்லா ஊரிலும் எல்லா அலுவலகமும் அதையே போட ஆரம்பித்ததும், அதில் உயிர் போய்விட்டது என்று ஆலோசகரே கட்டுரை எழுதினார். புதிதாக ஒரு கையெழுத்து தேவை, ஊழியர்கள் அனைவரும் தத்தம் கைப்பட ஒரு பக்கம் எழுதி ஒரு வாரத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

அலுவலகத்தில் முப்பத்தோரு பேர். சாவியக்காவுக்கு நடந்தது முப்பத்தோரு பேருக்கும் தெரியும். முதல் நாள் சுருக்கெழுத்தாளர் வந்து தனக்கு எழுதத் தெரியாது என்று கைநாட்டு வைத்தார். அவர் வேலையின் பெயரிலேயே எழுத்து இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பொறியாளர்கள் மூவரும் சேர்ந்து வந்தார்கள். தலைமை எழுத்தர் மூன்றாம் நாள் வந்தார். தன் கையெழுத்தை யாரும் திருடப்போவதில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னபோதும், எதற்கு வம்பு என்று விரலை ஒற்றினார். வாரக் கடைசியில் தலைமை அதிகாரி தம் அறையிலிருந்து மணி அடித்தார். மைப்பெட்டியை உள்ளே கொண்டுபோனது சாவியக்காதான். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே விரலை நீட்டினார். கிளை அலுவலகத்தில் எழுத்தறிந்தோர் எவரும் இல்லை என்று அறிக்கை தட்டச்சாயிற்று. மேலிடம் அதைப் படித்துவிட்டு, எழுத்தறிவில்லாத நிலையிலும் இத்தனை கடிதங்கள் அனுப்பிய கிளைக்குப் பாராட்டு தெரிவித்தது.

திங்கட்கிழமை ஆலோசகர் வந்தார். கொண்டையைக் காணோம், தலையை மொட்டையாகச் சிரைத்திருந்தார். ஒரு பக்கம்கூட எழுதி வரவில்லை என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். எழுதத் தெரியாதவர்கள் ஆகிவிட்டதால் அதிலும் கையொப்பத்துக்குப் பதில் முப்பத்தோரு கட்டைவிரல்கள் வரிசையாக இருந்தன. ஒன்று அழுத்தம், ஒன்று மங்கல், ஒன்று கொஞ்சம் சாய்ந்தது. முதல் வரியில் இருந்த சாவியக்காவின் ரேகையின் மேல் அவர் கை நின்றது. குனிந்தார். கண்கள் விரிந்தன. இதில் அலட்டலே இல்லையே என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, சட்டைப்பைக்குள் செல்பேசியைத் தேடினார்.

சாவியக்கா அதற்குமேல் நின்று கேட்கவில்லை. நேரே பின்கட்டுக்குப் போனாள். மேசை துடைக்கும் துணியில் ஒரு முழம் கிழித்து, வலது கட்டைவிரலில் இறுக்கிச் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டாள். கதவிடுக்கில் நசுங்கிவிட்டது என்று யாரும் கேட்கும் முன்பே எல்லோரிடமும் சொன்னாள். மறுநாள் காலை பதிவேட்டின் முன்னால் வரிசையில் நின்ற முப்பது பேரின் கட்டைவிரலிலும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்தப் பக்கம் காலியாகவே கிடந்ததால், அன்றைக்கு அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை என்று விதிப்படி பதிவாயிற்று. சாவியக்கா மட்டும் ஒரு படி மேலே போனாள். மற்ற ஒன்பது விரலுக்கும் சேர்த்துத் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.